மூன்று கோடு போட்ட களைக்கொத்து

உ

மேலக்கொல்லை,
திருவரங்குளம் அஞ்சல்.
12.1.2025

ஞானமணிக்கு சொர்ணவல்லி எழுதிக்கொள்வது.

கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்து அடுப்பில் போட்டிருந்தால் எனக்கு ஒரு ஸ்டாம்புதான் நஷ்டம். போடவில்லை என்றால் மேற்கொண்டு படி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் மகள் இசைவாணி கேட்பாள். உனக்குத் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில், ஐயனார் கோவில் வாசலில், ஊரே பார்த்திருக்க, "இனிமே இவளோட ஒரு வார்த்தை பேசுனா என் நாக்கு அழுகிப் போகட்டும்" என்று சொன்னவள் நான்தான். நாக்கைத்தான் சொன்னேன், கையைச் சொல்லவில்லை. பூசாரியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுனா குத்தமில்லத்தா, அது பேச்சுல சேராது" என்று சொல்லிவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். கிணற்றுக்கொல்லை இரண்டு ஏக்கரில் இந்த மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கடலை போட்டிருக்கிறோம். விதைக்குக் கொடுக்கிற கடலையில் ஓடு விரிசல் இருக்கக் கூடாதாம். எங்கள் மிஷின் ஒரு ஏக்கர் செடியில் இருக்கிற காயை ஒன்றரை மணி நேரத்தில் ஆய்ந்து தள்ளிவிடுகிறது. ஆனால் பத்துக் காயில் ஒரு காய்க்காவது ஓடு தெறித்துவிடுகிறது. எண்ணெய்க்குப் போகிற கடலை என்றால் பாதகமில்லை, விதைக்கு ஆகாது. சித்திரை பிறந்ததும் பிடுங்க வேண்டும். கையால் ஆய பதினெட்டுப் பேர் வேண்டும். அவர்களை வட்டமாக உட்கார வைத்து வேலை வாங்க உன்னை விட்டால் ஆளில்லை. நான் கூப்பிட்டால் நாலு பேர் வருகிறார்கள். அதிலும் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே ஆய்கிறாள்.

கட்டுமாவடியில் நண்டு உடைக்கப் போகிறாய் என்று உங்கள் ஆள் செட்டில் இருந்த மணிமேகலை சொன்னாள். கடலை ஆய்ந்த கைக்கு நண்டு ஓடு குத்தாமல் இருக்கிறதா?

மிஷினைப் போன மாதம்தான் சர்வீஸுக்குப் பிரித்தோம். இப்போது நன்றாக ஓடுகிறது. வேறொன்றும் இல்லை. பதில் போடு.

சொர்ணவல்லி

---

மாதா துணை

கட்டுமாவடி
24.1.2025

சொர்ணவல்லி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் சுகம். இசைவாணியும் மருமகன் பீட்டரும் சுகம்.

விதைக்கடலை ஆய ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டுப் பேர் இருந்தோம். முப்பது வருஷம் உங்கள் கொல்லையில் ஆய்ந்தோம். மிஷின் வந்த அன்றைக்கு ஒன்பது பேரைத் திரும்பிப் போகச் சொன்னீர்கள். மீதி ஒன்பது பேரை மிஷின் வாய்க்குச் செடி சுமக்க வைத்தீர்கள். நான் சுமந்தேன்.

மிஷினுக்குள் இரும்பு விழுந்து பல் உடைந்து, அந்தத் துண்டு தெறித்து உங்கள் வீட்டு அண்ணன் முகத்தைக் கிழித்தது. யாரோ வேண்டுமென்றே வைத்தது என்று ஊர் பேசியது. "வயிறு எரிஞ்சவதான் வச்சிருக்கணும்" என்று நீங்கள் என்னைப் பார்த்தே சொன்னீர்கள். சூடம் அணைக்கச் சொன்னார்கள். மாதா கோவிலுக்குப் போகிறவள் ஐயனார் முன்னால் நின்று, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் வைக்கல" என்று சத்தியம் செய்தேன். அதற்கும் நீங்கள் பொய்ச் சத்தியம் என்றீர்கள்.

அந்த வாயால் கூப்பிட முடியாமல் இப்போது கையால் கூப்பிடுகிறீர்கள். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. நண்டு ஓடு குத்தத்தான் செய்கிறது.

அண்ணன் முகத்துக் காயம் நன்றாக ஆறிவிட்டதா? அதை மட்டும் எழுதுங்கள்.

ஞானமணி

---

உ

மேலக்கொல்லை
2.2.2025

அடியே ஞானமணி,

அம்மாவாம், அவர்களுக்காம், எழுதியிருக்கிறீர்களாம். படித்துவிட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் உலையில் அரிசி போட மறந்துபோனேன். ஊர் முன்னால் நீ எனக்கு "வாங்க, போங்க" சொல்வது வேறு. சைக்கிளில் ஏறிவிட்டால் நமக்குள் வாடி, போடிதான் என்று பேசி வைத்தது யார்? நீதான்.

ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம். அறிவொளி வகுப்பில் சேர்ந்தோம். நீ அப்போதுதான் பேர் எழுதப் படித்தாய், நான் அஞ்சாம் வகுப்பை மறந்துபோய் மறுபடி படித்தேன். வகுப்பு முடிந்ததும் வாடகை சைக்கிள். மணிக்கு ஒரு ரூபாய். கண்மாய்க்கரையில் நீ பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாய். பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு விட்டுவிடுவாய். நான் கருவேலங்காட்டுக்குள் போய் விழுவேன். கீழே விழுந்த நான் அழுவதற்கு முன்னாலேயே கரைமேல் நின்ற நீ அழுதாய்.

ஊரே பேசியது. இந்தப் பக்கத்துக்குச் சைக்கிள் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, பொம்பளை ஏறத்தான் அவ்வளவு நாள் ஆனது. ஏறிய பிறகு என்ன ஆயிற்று? நடந்து போன காலத்தில் நம் ஊர்க் கடலை மட்டும்தான் உங்கள் செட்டு ஆய்ந்தது. சைக்கிள் வந்ததும் ஒரே பட்டத்தில் நாலு ஊர்க் கடலையை ஆய்ந்தீர்கள். அன்றைக்கு அந்த நாலு ஊர்ப் பொம்பளைகளும் உன்னைத்தான் திட்டினார்கள், தங்கள் வேலையைப் பறிக்க வந்தவள் என்று. நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

மிஷினை ஆசைக்கு வாங்கவில்லை. 2022 சித்திரையை நினைத்துப் பார். உங்கள் செட்டில் பாதிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். விழுப்புரத்துப் பக்கம் வாடகை மிஷினுக்குச் சொல்லி வைத்தோம். அங்கே அறுவடை முடிந்து, வழியில் இருக்கிற ஊரெல்லாம் முடித்து, கடைசியில்தான் இங்கிட்டு வருவோம் என்றான். அங்கே பழசாகிப் போனதுதான் நமக்குப் புதுசாக வரும், அதுவும் வரிசையில் நின்று. அவன் வருவதற்குள் மழை வந்தது. மண்ணுக்குள்ளேயே கடலை முளைவிட்டது. அன்றைக்கு நீயும் என்னோடு வரப்பில் உட்கார்ந்து அழுதாய். அதனால்தான் மறு வருஷம் விழுப்புரத்திலேயே ஒன்றைச் சொந்தமாக வாங்கினோம்.

வாங்கியதும் லேசில் ஓடியதா? அங்கிட்டு மணல் பூமிக்குச் செய்தது. நம் செம்மண் சரளைக்கல் அதன் பல்லை ஒவ்வொன்றாகத் தின்றது. என் மகன் சந்தோஷ்குமார் ஆலங்குடி லேத்துப் பட்டறையில் நாயாய் அலைந்து, சல்லடையை மாற்றி, பல்லை மாற்றி, இப்போதுதான் நம் மண்ணுக்கு வசப்பட்டிருக்கிறது. ஆளில்லை என்று தைல மரம் வைத்திருந்தவர்கள் மிஷினை நம்பி வேரைத் தோண்டிப் போட்டுவிட்டுக் கடலை விதைக்கிறார்கள். களை எடுக்கவும் விதை உடைக்கவும் ஆளுக்கு அடிதடி. நீ இருந்தால் பார்த்திருப்பாய்.

இவருக்குக் காயம் ஆறிவிட்டது. ஏழு தையல். கண்ணுக்கு ஒரு விரல் கீழே. உன் முந்தானையைக் கிழித்துக் கட்டித்தானே ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அன்றிலிருந்து இன்றுவரை இவர் ஒரே பேச்சுதான் பேசுகிறார். "ஞானமணி செய்யாது. செஞ்சிருந்தா என் மூஞ்சியப் புடிச்சுக்கிட்டு அது ஏன் அப்புடி அழுவுது?"

சொர்ணம்

---

மாதா துணை

கட்டுமாவடி
15.2.2025

சொர்ணத்துக்கு,

"அவர்களுக்கு" என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். கை வரவில்லை. சரி, விடு.

நாலு ஊர்ப் பொம்பளைகள் திட்டியதை நான் மறக்கவில்லை. இங்கே வந்த பிறகுதான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பீட்டர் ஜிபிஎஸ் கருவி வைத்திருக்கிறான். நாகப்பட்டினத்துக்காரர்களிடம் பார்த்துவிட்டு, இந்தக் கரையில் முதலில் வாங்கிய மூன்று பேரில் அவன் ஒருவன். நண்டு கிடைக்கிற இடத்தைப் பாயிண்ட் என்று அதில் போட்டு வைத்துக்கொண்டால் மறுநாள் நேராக அதே இடத்துக்குப் போய் வலை விடலாம். முதல் வருஷம் அவன் வலையில் இரண்டு பங்கு நண்டு வந்ததாம். இரண்டாம் வருஷம் எல்லாப் படகிலும் கருவி வந்துவிட்டது. மூன்றாம் வருஷம் எல்லாரும் எல்லா இடத்துக்கும் போனார்கள். இப்போது நண்டு உள்ளங்கை அகலம்தான் வருகிறது. "முதல்ல வாங்குனவனுக்குத்தான் லாபம் அத்தே, அப்புறம் அது இல்லாட்டி கடலுக்கே போக முடியாதுன்னு ஆயிருச்சு" என்கிறான். கருவியைக் கடலில் தூக்கிப் போடலாமே என்றேன். சிரிக்கிறான்.

உன் மிஷின் அப்படி இல்லை என்று தெரிகிறது. தைல மரம் போய்க் கடலை வந்தால் நல்லதுதான். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன்.

நண்டு உடைக்கிற ஷெட்டில் யாரும் பேசக் கூடாது, தலையில் தொப்பி, வாயில் துணி. அங்கே உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் கிணற்றுக்கொல்லைப் பலா மரம்தான் ஞாபகம் வரும். நான் சினிமாக் கதை சொல்வேன், நீங்கள் ஆய்ந்துகொண்டே கேட்பீர்கள். ஒரு உண்மை சொல்கிறேன். பாதிப் படத்துக்கு நான் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிடுவேன். மீதிக் கதை எல்லாம் நானாகக் கட்டியது. மணிமேகலை ஒரு தரம் அழுதாளே, அந்தப் படத்தில் அந்தப் பெண் சாகவே இல்லை. விரல் நுனியெல்லாம் வெடித்து எரியும், முதுகு ஒடியும், அப்படியும் அந்த நாள்தான் எனக்கு வேண்டும் போலிருக்கிறது. வேலைக்காக இல்லை. உனக்கே தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருஷமாக எழுதாதவள் திடீரென்று எழுதுகிறாய். போன மாதம் மிஷினைப் பிரித்தோம் என்று முதல் கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். பிரித்தபோது உள்ளே என்ன இருந்தது, சொர்ணம்?

ஞானமணி

---

உ

மேலக்கொல்லை
27.2.2025

ஞானமணி,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சல்லடைக்கு அடியில், தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு சிக்கிக் கிடந்தது. அன்றைக்கு உடைந்ததில் நம் கண்ணில் படாமல் போன துண்டு. சந்தோஷ்குமார் எண்ணெய்த் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தான். களைக்கொத்தின் பூண். காம்பு சொருகுகிற இடம். அதில் மூன்று கோடு.

களை எடுக்கும்போது ஒருத்தி கொத்து இன்னொருத்தியிடம் மாறிப் போகிறது என்று எல்லாரும் பட்டறையில் கொடுத்து அடையாளம் வெட்டிக்கொண்டோமே. நீ உன் கொத்தில் சிலுவை வெட்டினாய். நான் விபூதிப் பட்டை மாதிரி மூன்று கோடு வெட்டினேன். ஆயுசுக்கும் மாறாது என்று சிரித்தோம்.

அன்றைக்கு மண் இறுகிக் கிடந்தது. வரப்போரச் செடி கைக்கு வராமல் நான்தான் கொத்தால் தோண்டினேன். காம்பு லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் கொத்து கழன்று எங்கேயோ விழுந்தது. அப்புறம் தேடிக்கொள்வோம் என்று வெறும் காம்பைக் கிணற்று மேட்டில் எறிந்துவிட்டுப் போனேன். அன்றைக்கு நடந்த கலவரத்தில் அதை அடியோடு மறந்துபோனேன். செடியோடு செடியாக அதை வாரிக் கட்டியிருக்கிறார்கள். யாரும் வைக்கவில்லை. என் கொத்து. என் கைத்தப்பு. இவர் முகத்தைக் கிழித்ததும் நான்தான்.

அதற்கு உன்னைச் சூடம் அணைக்க வைத்தேன். உன் உள்ளங்கை கொப்பளித்ததைப் பார்த்தும் பொய்ச் சத்தியம் என்றேன். இதைச் சொல்லத்தான் முதல் கடிதத்தில் பேனாவை எடுத்தேன். விதைக்கடலையைச் சொல்லி முடித்துவிட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும், தப்பு என் பக்கம் இருந்தால் முதலில் வேறு வேலை தேடுவேன்.

உன் காலில் விழுகிறேன் என்று எழுத ஆசை. எழுதினால் நடிப்பு மாதிரி இருக்கிறது. நேரில் வந்தால் விழுகிறேன். ஊரைக் கூட்டி, அதே வாசலில், நான் சொன்னது தப்பு என்று சொல்கிறேன். கடலைக்காக இல்லை. கடலை எப்படியும் போகட்டும். நீ வா.

சொர்ணம்

---

மாதா துணை

கட்டுமாவடி
9.3.2025

சொர்ணம்,

உன் கடிதத்தை ஷெட் வாசலில் நின்று படித்தேன். வீட்டில் படிக்கப் பயம். என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதியது எல்லாம் சரி. ஆனால் முழுசும் அது இல்லை.

அன்றைக்கு நாலாவதாகக் குவித்திருந்த செடிப்போரிலிருந்து சுமந்தேன். மிஷின் பக்கத்தில் செடிக்கட்டை இறக்கி அவிழ்த்தேன். கடலைக் கொடிக்குள் உன் கொத்து கிடந்தது. மூன்று கோடும் மேலே தெரிந்தது. அண்ணன் குனிந்து அந்தக் கட்டைத்தான் வாரினார். அரை நிமிஷம் இருந்தது. "அண்ணே, நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

காலையில் திரும்பிப் போன ஒன்பது பேரும் கண்ணுக்குள் நின்றார்கள். அவள் கொத்து, அவள் மிஷின், தின்னட்டும் என்று நினைத்தேன். சிக்கிக்கொண்டு நின்றுவிடும், விழுப்புரத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். இரும்பு தெறிக்கும் என்று மாதா சத்தியமாக எனக்குத் தெரியாது. அண்ணன் கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதனால்தான் அழுதேன். அவர் நினைக்கிற காரணத்துக்கு இல்லை.

"நான் வைக்கல" என்று சூடம் அணைத்தேன். வைக்கவில்லைதான். ஆனால் சூடத்தின் மேல் கை வைத்தபோது உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். நீ பொய்ச் சத்தியம் என்று கத்தியபோது ஊரில் எல்லாரும் உன்மேல் கோபப்பட்டார்கள். நான் மட்டும், இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நடுங்கினேன். அதற்காகத்தான் அந்த வாரமே பஸ் ஏறினேன். ரோஷத்துக்காகப் போனேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "என்கிட்ட சொன்னது போதாதும்மா, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லு" என்றார். ஒரு வருஷமாகத் தள்ளிப் போட்டேன். நீ எழுதாவிட்டால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன்.

உன் மேல் தப்பென்று நீ எழுதிய அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு நாள் இருந்தும் பார்த்தேன். முடியவில்லை. இதை அண்ணனுக்கும் படித்துக் காட்டு.

ஞானமணி

---

மாதா துணை

கட்டுமாவடி
30.3.2025

சொர்ணத்துக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. பதில் இல்லை. தபால்காரரைக் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

நீ எழுத வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கையால் ஆயும்போது ஈரக் கொடியில் ஆயாதே, ஒரு வெயில் காயவிடு. அப்போதுதான் காம்பு சுத்தமாக விடும், ஓடு கெடாது. ஆய்ந்த காயை நிழலில் உலர்த்து. மணிமேகலைக்கு இது தெரியும். ஆனால் அவசரப்படுவாள்.

ஞானமணி

---

உ

மேலக்கொல்லை
6.4.2025

ஞானமணி,

படித்தேன். படித்த அன்றைக்கு எதுவும் சாப்பிடவில்லை. போனை எடுத்து உன் நம்பரைத் தேடி வைத்துக்கொண்டு, நாக்கு அழுகினாலும் பரவாயில்லை, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கலாமென்று உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை, சத்தியம் நினைவுக்கு வந்தது. அப்புறம் எழுதலாமென்றால் எழுத்தில் அந்தக் கோபம் வரவில்லை. அதுதான் மூன்று வாரம்.

கண்ணுக்கு ஒரு விரல் கீழே, ஞானமணி. ஒரு விரல்.

இவருக்கு முந்தாநாள்தான் படித்துக் காட்டினேன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து சொன்னார்: "அரை நிமிஷந்தானே. ஒன்னோட முப்பத்தஞ்சு வருஷமா குடும்பம் நடத்துறேன். சொல்ல வேண்டியதச் சொல்லாம எத்தன அரை நிமிஷம் வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன். வரச் சொல்லு அத." சொல்லிவிட்டு அந்தத் தழும்பைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். அவர் மனசு அப்படி. என் மனசு அவ்வளவு பெரிசில்லை. மன்னித்துவிட்டேன் என்று நான் எழுத மாட்டேன். நீயும் என்னை மன்னித்துவிட்டதாக எழுதவில்லை, நான் கவனித்தேன்.

ஆனால் ஒன்று யோசித்தேன். திரும்பிப் போகச் சொன்ன ஒன்பது பேரிடம் நான் முந்தின நாளே சொல்லியிருக்கலாம். அதிகாலையில் தூக்குச்சட்டியோடு வந்து நின்றவர்களிடம் போகச் சொன்னேன். எனக்கும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது.

பூசாரியைப் பார்த்துவிட்டேன். சத்தியத்தை எடுக்க வேண்டுமென்றால் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் வாசலில் நின்று தேங்காய் உடைக்க வேண்டுமாம். "அந்தம்மா வேற சாமியாச்சே" என்று இழுத்தார். சூடம் அணைக்கச் சொன்னபோது அது தெரியவில்லையா என்று கேட்டேன். சித்திரை ஒன்றாம் தேதிக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். ஊரைக் கூட்டி, நான் சொன்னது தப்பு என்று நான் சொல்வேன். நீ பார்த்ததை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது நம் மூன்று பேருக்குள் இருக்கட்டும்.

அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். மீதிக்கு மணிமேகலை ஆள் சேர்க்கிறாள். நீ எழுதியபடியே ஒரு வெயில் காயவிட்டுத்தான் ஆயப் போகிறோம். கதை சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ கட்டியது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டுமாவடியில் முதல் பஸ்ஸைப் பிடித்து அறந்தாங்கி வா. அங்கே ஆலங்குடி பஸ் ஏறி, ஆலங்குடியில் மாறித் திருவரங்குளத்தில் இறங்கு. நிறுத்தத்தில் சைக்கிளோடு நிற்பேன். கோவில் வாசல்வரை நான் வாய் திறக்க மாட்டேன், நீயும் பேச்சுக் கொடுக்காதே. பின்னால் உட்கார், போதும். முழங்கால் வலி இருக்கிறது, ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

தேங்காய் உடைந்த பிறகு நான் உன்னிடம் பேசுகிற முதல் வார்த்தை திட்டாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டேன். அதற்குப் பயந்து வராமல் இருந்துவிடாதே. அறந்தாங்கியில் இறங்கி ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. இரண்டு வருஷத்துத் திட்டு, வெறும் வயிற்றில் நின்று கேட்க முடியாது.

சொர்ணம்